லேமினேட் தரை போடப் போறீங்களா? ஐரோப்பாவின் புதிய விதியும் அமெரிக்கா கற்ற பாடமும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஆகஸ்ட் 6 முதல் மரப்பலகைப் பொருள்கள், ஃபர்னிச்சர் ஆகியவற்றிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடு வாயுவுக்குப் புதிய உச்சவரம்பு. ஒரு கன மீட்டர் காற்றில் 0.062 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அங்கே 'ஈ1' என்ற பெயரில் புழக்கத்தில் இருந்த அளவு 0.124 மில்லிகிராம். அதாவது, அளவை சரிபாதியாக்கிட்டாங்க.

நம்ம ஊர் கடைகளில் விற்கும் லேமினேட் பலகைப் பெட்டிகளிலும் 'ஈ1' என்ற முத்திரையைப் பார்க்கலாம். அதனால் இது ஐரோப்பாவோடு முடியும் விஷயம் இல்லை.

லேமினேட்டுக்குள் என்ன இருக்கு?

பார்க்க மரம் மாதிரி இருக்கும், ஆனால் முழு மரம் கிடையாது. மர நாரைப் பிசினோடு சேர்த்து, சூட்டில் அழுத்திச் செய்த பலகைதான் நடுப்பகுதி. அதன் மேல் மரக்கோடு அச்சிட்ட காகிதம், அதற்கும் மேல் மெலமைன் பூச்சு. அந்தப் பிசினில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு இருக்கும். போட்ட பிறகும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கலக்கும். அளவு கூடினால் கண் எரியும், தொண்டை கரகரக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறல் அதிகமாகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் நடந்தது என்ன?

2015 மார்ச் 1 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி, லம்பர் லிக்விடேட்டர்ஸ் நிறுவனம் விற்ற சீனத் தயாரிப்பு லேமினேட்டைச் சோதித்து வெளியிட்டது. 31 பெட்டிகளில் ஒன்று மட்டுமே கலிஃபோர்னியா மாநில விதிக்குள் இருந்தது. ஆனால் பெட்டிகளின் மேல் 'விதிக்கு உட்பட்டது' என்ற முத்திரை இருந்தது. சோதனை முறையே தவறு என்று நிறுவனம் மறுத்தது. ஆனாலும் அதே ஆண்டு மே மாதம் அந்தச் சரக்கின் விற்பனையை நிறுத்தியது. 2017-ல் வாடிக்கையாளர் வழக்குகளை முடிக்க 3.6 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் திவால் பாதுகாப்பு கேட்டது.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. 2016 பிப்ரவரியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தந்த அறிக்கையில், கூடுதல் புற்றுநோய் வாய்ப்பு 1 லட்சம் பேருக்கு 2 முதல் 9 என்று இருந்தது. பிறகு அதை 6 முதல் 30 என்று திருத்தினார்கள். காரணம், கூரையின் உயரத்தை அடியிலிருந்து மீட்டருக்கு மாற்றாமல் கணக்குப் போட்டதுதான். வீட்டில் காற்று நிறைய இருப்பதாகக் கணக்கு காட்டியதால் ஆபத்தும் குறைவாகத் தெரிந்தது. பலகை மட்டும் பிரச்னை இல்லை, வீட்டில் எவ்வளவு காற்று இருக்கு என்பதும் முக்கியம் என்று இதிலிருந்து புரியுது. ஜன்னலை மூடி ஏசி போடும் சின்ன அறைக்கு இது ரொம்பவே பொருந்தும்.

போடும்போது கவனிக்க வேண்டியவை

* முத்திரையை மட்டும் நம்பாதீங்க. எந்தத் தர அளவு, எந்த ஆய்வகம் சோதித்தது என்ற சான்றைக் கடையில் எழுத்தில் கேளுங்க.

* பலகையை பால்கனியிலோ மொட்டை மாடியிலோ வெட்டச் சொல்லுங்க. மரத்தூளும் அதே முதல் பிரிவுப் புற்றுநோய்ப் பொருள்தான். துணியை மூக்கில் கட்டினால் போதாது. வேலை செய்பவருக்கு என்95 மாஸ்க், கண்ணாடி, காதடைப்பான் வேணும். தினமும் இந்தத் தூசியில் நிற்பவர் அவர்தான்.

* பெட்டிகளைப் பிரிக்காமல், போடப்போகும் அறையிலேயே சுமார் 48 மணி நேரம் படுக்கையாக வைங்க. பலகை அறையின் ஈரப்பதத்துக்குப் பழகணும்.

* சிமென்ட் தரையில் ஈரம் இருக்கான்னு பாருங்க. பாலித்தீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்க. அடியில் நீர் முத்து கட்டினால் காத்திருங்க. காய்ந்த பிறகும், ஈரம் ஏறாத விரிப்பு போட்டுத்தான் பலகை போடணும்.

* சுவரை ஒட்டி 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடணும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பலகை ஊதி, நடுவில் தூக்கிக்கும்.

* வேலை முடிந்த சில நாட்கள் ஜன்னல்களைத் திறந்து வைங்க. கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் அந்த அறையில் படுக்க வேண்டாம்.

ஏற்கெனவே போட்டிருந்தால்?

பயந்துபோய் உடனே பெயர்த்து எடுக்க வேண்டாம். பெயர்க்கும்போது வாயுவும் தூசியும் இன்னும் அதிகமாக வெளிவரலாம். நாளாக ஆக வாயு வெளிவருவதும் குறையும். காற்றோட்டத்தைக் கூட்டுங்க. கண் எரிச்சலோ மூச்சுத்திணறலோ தொடர்ந்தால் டாக்டரிடம் போய், தரை மாற்றிய தகவலையும் சேர்த்துச் சொல்லுங்க. தண்ணி ஊற்றிக் கழுவும் பழக்கம் இந்தத் தரைக்கு ஆகாது, பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

முத்திரை சரியா என்று பெட்டியைப் பார்த்து வாங்குபவர் கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்காவில் கடையிலிருந்து எடுத்துச் சோதித்த பிறகுதான் உண்மை தெரிய வந்தது. ஐரோப்பா அளவைக் குறைத்த பிறகு, அங்கே விற்க முடியாத சரக்கு வேறு சந்தைகளைத் தேடலாம். அதனால் இங்கேயும் கடையில் இருக்கும் பெட்டியை எடுத்துச் சோதிக்கும் நடைமுறை அவசியம்.