பாட்டு ஓசி, பலன் யாருக்கு?



அண்ணன் பென்டிரைவில் போட்டுத் தந்த ஒரு ஆங்கிலப் பாட்டு என்னைக் கட்டிப் போட்டது. பாடியது அமெரிக்காவின் 'போன் இவேர்' குழு. இந்த வகைக்கு 'இண்டி ஃபோக்' என்று பெயர். ஆரவாரம் இல்லாமல், நாட்டுப்புறப் பாட்டு மாதிரி எளிமையாக இருக்கும்.

அந்தப் பாட்டு, 2009-இல் வெளியான 'டார்க் வாஸ் தி நைட்' என்ற தொகுப்பில் உள்ளது. மொத்தம் 31 பாட்டுகள். சுஃப்யான் ஸ்டீவன்ஸ், ஃபைஸ்ட் எனப் பலர் பங்கேற்றார்கள். எதற்காக? எய்ட்ஸை எதிர்த்து 1989 முதல் இசை வழியாக நிதி திரட்டும் 'ரெட் ஹாட்' அமைப்புக்காக!

இதை அறிந்ததும் எனக்குச் சுருக்கென்றது. நூறு தடவை கேட்டிருப்பேன். என்னால் ஒரு பைசா கூட அங்கே போகவில்லையே!

'நான் ஒருத்தி காசு கொடுக்கலைன்னா என்ன ஆகிடும்?'னு கேட்கலாம். எல்லாருமே அப்படி நினைச்சா? பரீட்சையில் காப்பி அடிச்சா தப்புன்னு தெரிஞ்ச நமக்கு, பாட்டில் தெரியலையே!

பாடகர் பாட்டைத்தான் தர முடியும். உதவியை முழுசாக்குவது கேட்பவர் கொடுக்கும் காசுதான். பொங்கல் காசில் அந்தத் தொகுப்பை விலைக்கு வாங்கப் போறேன்.

அப்போ நீங்க?

– 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி