வறட்சியை மறக்காத இலைத்துளைகள்

பெரும்பாலான செடிகளில் இலைத்துளை ஒவ்வொன்றின் இருபுறமும் அவரை விதை வடிவில் இரண்டு காப்புச் செல்கள் இருக்கின்றன. அவை நீரேறி விம்மினால் துளை திறக்கும், தளர்ந்தால் மூடும். வேர் உறிஞ்சும் நீரில் 90 சதவீதத்துக்கு மேல் நீராவியாகப் போவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். மண் காயத் தொடங்கியதும் செடியில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகுகிறது. அதை உணர்ந்த காப்புச் செல்களிலிருந்து முதலில் குளோரைடு போன்ற எதிர்மின் அயனிகளும், தொடர்ந்து பொட்டாசியமும் வெளியேறுகின்றன. நீரும் கூடவே இறங்கிவிட, துளை மூடுகிறது.

உண்மையான வியப்பு இதற்குப் பிறகுதான். கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அராபிடாப்சிஸை ஒருமுறை வாடவிட்டு நீர் ஊற்றினால், இலை பழைய ஈரத்துக்குத் திரும்பிவிடுகிறது. துளைகளோ முழுதாகத் திறப்பதில்லை. அடுத்த வாட்டத்தில் அந்தச் செடி நீரை மெதுவாகவே இழக்கிறது. வறட்சிக்கால மரபணுக்கள் சிலவற்றின் டி.என்.ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் பதிந்த வேதிக்குறிகள் அழியாமல் நிற்பதால், இரண்டாம் முறை அந்த மரபணுக்கள் கூடுதல் வேகத்தில் இயங்குகின்றன. விலங்குகளின் நரம்புகளில் செயல்படும் காபா என்ற சேர்மமும் வாட்டத்தின்போது இலையில் சேர்ந்து, துளை மீண்டும் விரியத் திறப்பதைத் தடுப்பதாக 2021இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். நரம்பே இல்லாத உயிரில் இதை நினைவு என்பது மிகையாகாது. எனவே வறட்சி தாங்கும் பயிர் ரகங்களை முதல் வாட்டத்தை மட்டும் பார்த்து எடைபோடுவது போதாது. இரண்டாவதையும் சோதிக்க வேண்டும். இந்த நினைவுக்கு ஒரு விலையும் உண்டு: துளை பாதி மூடியிருந்தால் கரியமில வாயு குறைந்து ஒளிச்சேர்க்கையும் குறையும். ஆனால் நீர் தொடர்ந்து கிடைத்தால், அராபிடாப்சிஸில் இந்த நினைவு சில நாட்களில் மங்கிவிடுகிறது.