டி-ஷர்ட், மக் பிரின்டிங் சைடு பிசினஸ்: பிரின்டரை இப்ப வாங்காதீங்க

சம்பளத்துக்கு மேல சனி, ஞாயிறுல ஏதாவது சம்பாதிக்கலாம்னு உட்கார்ந்து யோசிச்சா, நிறைய பேருக்கு முதல்ல தோணறது டி-ஷர்ட், மக் பிரின்டிங்தான். பார்க்க அவ்வளவு ஈஸியா இருக்கு. படத்தை வை, மெஷினை அழுத்து, பீப் சத்தம் வந்ததும் பிலிமை உரி, முடிஞ்சது. அந்த மாதிரி ரீல்ஸ் பார்த்துதான் நானும் மூணு வருஷம் முன்னாடி கையைச் சுட்டுக்கிட்டேன். மெஷின் வித்தவர் மேல தப்பு சொல்ல மாட்டேன். அவர் பொய் எதுவும் சொல்லல, நான்தான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கல.

நான் வாங்கினது ஒரு காம்போ ஹீட் பிரஸ், கூடவே ஒரு சப்ளிமேஷன் பிரின்டர். மொத்தம் 38,000 ரூபாய், கிரெடிட் கார்டுல 12 மாச இஎம்ஐ. முதல் ஆர்டர் எங்க ஆபீஸ்லயே கிடைச்சது. ஸ்போர்ட்ஸ் டேக்கு 28 டி-ஷர்ட். கறுப்பு கலர், காட்டன். இங்கதான் மாட்டிக்கிட்டேன். சப்ளிமேஷன் மை சூட்டுல ஆவியாகி பாலியெஸ்டருக்குள்ள போய் உட்காரும், காட்டன்ல பிடிக்காது. அதோட அந்த மைல வெள்ளை நிறமே கிடையாது. அதனால வெள்ளை இல்லைன்னா வெளிர் நிறத் துணிலதான் படம் தெரியும். கறுப்புத் துணில அடிச்சா ஒண்ணுமே தெரியாது. டீம்ல போய் "வெள்ளை பாலியெஸ்டர் எடுத்துக்கலாமா?"ன்னு கேட்டேன். யாரும் ஒத்துக்கல.

கடைசில வெளியே ஒரு கடைல டிடிஎஃப் ஷீட் அடிச்சு வாங்கிட்டு வந்து, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பிரஸ் பண்ணி கொடுத்தேன். எல்லாம் போக கைல நின்னது 1,900 ரூபாய். அந்த மாச இஎம்ஐ 3,400. பிரின்டர்ல ஒரு சொட்டு மை கூட செலவாகல.

அதனால "எந்த மெத்தட் பெஸ்ட்?"னு யாராவது கேட்டா எனக்குக் கொஞ்சம் எரிச்சலா வரும். யாருக்கு விக்கப் போறீங்க, என்ன துணி, வாரத்துல எத்தனை மணி நேரம் உங்களால ஒதுக்க முடியும்? இதைச் சொல்லுங்க, மெத்தட் தானா வந்து நிக்கும்.

கறுப்பு காட்டன் டி-ஷர்ட்டுக்கு டிடிஎஃப். பிலிம்ல கலர் மை அடிச்சு, அதுக்கு மேல வெள்ளை மை அடிச்சு, பசைப் பவுடர் தூவி சூடாக்கி வச்சிருப்பாங்க. நீங்க அதைத் துணி மேல வச்சு 150, 160 டிகிரி செல்சியஸ்ல 10-15 செகண்ட் அழுத்தினா ஒட்டிக்கும். காட்டன், பாலியெஸ்டர், எந்த நிறம்னாலும் ஓடும். மக்குக்கு சப்ளிமேஷன். ஆனா பாத்திரக்கடைல வாங்கற சாதா மக்ல வராது, அதுக்குன்னு கோட்டிங் போட்ட மக் வேணும். லோக்கல் கிரிக்கெட் டீம் ஜெர்சில பேரும் நம்பரும் மட்டும்னா வினைல் போதும். கட்டர் வெட்டின ஷீட்ல வேண்டாத பகுதியை ஊசியால ஒவ்வொண்ணா பிடுங்கணும், பொறுமை இருந்தா செய்யுங்க. சாதாரண இங்க்ஜெட் பிரின்டர்ல அடிக்கற டி-ஷர்ட் டிரான்ஸ்ஃபர் பேப்பர் வீட்டுக் குழந்தை பிறந்தநாளுக்கு ஓகே. காசு வாங்கி விக்கற பொருளுக்கு வேண்டாம், சில தடவை துவைச்சதும் வெடிக்க ஆரம்பிச்சுடும். ஒரே டிசைன்ல 100 பீஸ் ஆர்டர் வந்தா ஹீட் பிரஸ்ஸையே மறந்துட்டு ஸ்கிரீன் பிரின்டிங் பட்டறைக்குக் கொடுங்க. அந்த அளவுக்கு அவங்க விலையோட உங்களால மோத முடியாது.

சரி, அப்ப டிடிஎஃப் பிரின்டரே வாங்கிடலாமேன்னு தோணும். என் பதில், வேலைல இருக்கற வரைக்கும் வேண்டாம். ஏன்னா டிடிஎஃப்ல உயிரே அந்த வெள்ளை மைதான். அதுல இருக்கற டைட்டானியம் டை ஆக்சைடு கனமானது, சும்மா விட்டா அடில படிஞ்சு ஹெட்டை அடைக்கும். தினமும் பிரின்ட் அடிக்கணும், இல்லைன்னா தினமும் க்ளீனிங் பார்க்கணும். நீங்க காலைல எட்டு மணிக்குக் கிளம்பி ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பற ஆள். திங்கள் முதல் வெள்ளி வரை சும்மா இருந்தா கெட்டுப்போற மெஷின் உங்களுக்கு எதுக்கு? ஹீட் பிரஸ் அப்படி இல்ல. ரெண்டு மாசம் துணியைப் போட்டு மூடி வச்சாலும் ஸ்விட்ச் போட்டா சூடாகும்.

கணக்கும் அதைத்தான் சொல்லுது. இது ஒரு மாதிரிக் கணக்கு, உங்க ஊர் விலையை நீங்களே கேட்டுப் போட்டுப் பாருங்க. வெளியே அடிக்கற டிடிஎஃப் பிரின்ட் ஒரு டி-ஷர்ட்டுக்கு 60 ரூபாய் ஆகுதுன்னு வைங்க. சொந்த பிரின்டர்ல அதே பிரின்ட் மை, பிலிம், பவுடர் எல்லாம் சேர்த்து 25 ரூபாய்னு வைங்க. அப்ப பிரின்டர் உங்களுக்குச் சம்பாதிச்சுக் கொடுக்கறது அந்த 35 ரூபாய் மட்டும்தான். டி-ஷர்ட்டோட முழு லாபத்தையும் பிரின்டர் கணக்குல எழுதறதுதான் நிறைய பேர் செய்யற தப்பு. பிரின்டர் செட் 1,50,000 ரூபாய்னா, அதைத் திரும்ப எடுக்க 4,286 டி-ஷர்ட் ஓட்டணும். வாரத்துக்கு 20 டி-ஷர்ட் வித்தா, நாலு வருஷத்துக்கும் மேல. நடுவுல ஒரு ஹெட் போனா கணக்கு இன்னும் தள்ளிப் போகும்.

இதே கணக்கை ஹீட் பிரஸ்ஸுக்குப் போடுங்க. பிளெயின் டி-ஷர்ட் 180, பிரின்ட் 60, பேக்கிங் கூரியர் 70, வீணாப் போறதுக்கு 15, ஆக 325. விக்கறது 449-னா மிச்சம் 124. 15,000 ரூபாய் பிரஸ்ஸை எடுக்க 121 டி-ஷர்ட் போதும். அதே 20 வேகத்துல ஆறு வாரம் சொச்சம். (உங்க உழைப்புக்கு நான் கூலி போடல, அதையும் போட்டுப் பாருங்க, கொஞ்சம் வலிக்கும்.) இதுல "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு ஆசை காட்டுவாங்க. ப்ராசஸிங் ஃபீயும், வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டியும் ஸ்டேட்மென்ட்ல வந்து நிக்கும்.

மெஷினை விட பெரிய பள்ளம் ஒண்ணு இருக்கு: ஸ்டாக். எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரை அஞ்சு சைஸ், நாலு கலர், ஒவ்வொண்ணுல அஞ்சு பீஸ்னு வச்சாலே 100 டி-ஷர்ட். 18,000 ரூபாய் பீரோக்குள்ள தூங்கும். எல்லாரும் எல், எக்ஸ்எல் கேட்பாங்க, எஸ் அப்படியே கிடக்கும். திருப்பூர் காதர்பேட்டைக்கு ஒரு தடவை போனா, விலையைப் பார்த்துட்டு மூட்டை கட்டத்தான் கை போகும். அடக்கிக்குங்க. ஆர்டர் வந்த பிறகு வாங்குங்க, பீஸுக்கு பத்து ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்ல. இந்த விஷயத்துல மக் நல்ல பிள்ளை. ஒரே சைஸ், ஒரே வெள்ளை. 11 அவுன்ஸ் மக் 12 வச்சிருந்தா கடை திறந்த மாதிரிதான். ஆனா கூரியர்ல உடையும். அதனால மக்கை உள்ளூர்ல கைல கொடுக்கற ஆர்டருக்கு மட்டும் வச்சுக்கிட்டேன்.

ஆக, எனக்கு இப்ப யாராவது தம்பியோ தங்கச்சியோ ஃபோன் பண்ணினா சொல்றது இதுதான். 15க்கு 15 இன்ச் ஃபிளாட் ஹீட் பிரஸ் ஒண்ணு வாங்கு. எட்டு வேலை செய்யற காம்போ வேண்டாம், மக் ஆர்டர் நிஜமா வர ஆரம்பிச்சா மக் பிரஸ்ஸைத் தனியா வாங்கிக்கலாம். டிடிஎஃப் ஷீட்டையும் சப்ளிமேஷன் பிரின்ட்டையும் வெளியே அடிச்சுக்கோ. ஒரு மீட்டர் ஷீட்ல நெஞ்சுல வைக்கற சின்ன லோகோக்களையும் முதுகு டிசைனையும் இடுக்கி இடுக்கி அடுக்கினா பிரின்ட் செலவு நல்லா குறையும். இந்த மெஷினுக்கு 16 ஆம்ப் பிளக் வேணும். வாடகை வீட்ல ஏசி பாயின்ட்டோ கீசர் பாயின்ட்டோதான் கதி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டி அதை உருக்கின அனுபவமும் எனக்கு உண்டு.

முதல் அஞ்சு டி-ஷர்ட்டை விக்காதீங்க. நீங்களே போடுங்க, வீட்டு வாஷிங் மெஷின்ல பத்து தடவை துவைங்க. ஓரம் தூக்குதா, வெடிக்குதான்னு பாருங்க. பாலியெஸ்டர் சிவப்புத் துணில டிடிஎஃப் வெள்ளை ரோஸ் நிறமா மாறினா பயப்படாதீங்க, துணியோட சாயம் சூட்டுல மேல ஏறுது. சூட்டைக் குறைச்சுப் பாருங்க. ஐபிஎல் டீம் லோகோ, கார்ட்டூன் கேரக்டர் ஆர்டர் நிறைய வரும். டிரேட்மார்க், காப்பிரைட் இருக்கற படத்தை அடிச்சு வித்தா வம்பு உங்க பேர்லதான் வரும். அம்மா அப்பா கல்யாண போட்டோ மக் எவ்வளவு வேணா அடிங்க.

ரெண்டு பேப்பர் வேலை. உங்க ஆஃபர் லெட்டரை எடுத்து, வேற தொழில் செய்யக் கூடாதுன்னு ஏதாவது ஷரத்து இருக்கான்னு இன்னைக்கு ராத்திரியே படிங்க. அடுத்தது வருமான வரி. சம்பளத்தோட பிசினஸ் வருமானம் சேர்ந்துட்டா ஐடிஆர்-1 செல்லாது, உத்தேச லாபக் கணக்குல ஐடிஆர்-4, இல்லைன்னா ஐடிஆர்-3. தனியா ஒரு பேங்க் அக்கவுன்ட்ல வரவு செலவு ஓடினா ரிட்டர்ன் போடற நேரத்துல தலைவலி இருக்காது.

என் சப்ளிமேஷன் பிரின்டரை ஓஎல்எக்ஸ்ல போட்டு எட்டு மாசம் ஆச்சு. பாதி விலைக்குத்தான் கேட்கறாங்க.