பாதிக் கிணறு தாண்டலாமா?

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத பட்டதாரி, பெயர்பெற்ற 'போஸ்ட்-பாக்' (பட்டத்துக்குப் பிறகு மருத்துவக் கல்லூரிக்குத் தயார்ப்படுத்தும்) படிப்பில் சேர்ந்தாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி என்கிறார் நண்பர். பாதி தாண்டியவன் எங்கே விழுவான் என்பதை அவர் யோசிக்கவில்லை.

இப்படிப்பை நடத்தும் கல்லூரிகளில் பிரின் மார், கவுச்சர் பெரிய பெயர்கள்தான். ஆனால் அவற்றின் படிப்புகள், அறிவியல் பாடங்களை இதுவரை எடுக்காமல் வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்கானவை. கரிம வேதியியலில் 'சி' வாங்கியவர் அங்கே போய் என்ன செய்வார்?

கணக்கைப் பார்ப்போம். 120 கிரெடிட்டில் நான்குக்கு 3.0 சராசரி வைத்திருப்பவர், மேலும் 30 கிரெடிட் படித்து எல்லாவற்றிலும் 'ஏ' வாங்கினாலும் சராசரி 3.2தான். அதே பாடத்தைத் திரும்பப் படித்தாலும் பழைய மதிப்பெண் அழியாது. மருத்துவக் கல்லூரி விண்ணப்ப அமைப்பான ஏஎம்சிஏஎஸ் பழையது, புதியது இரண்டையும் சேர்த்தே கூட்டும். முதுநிலைப் படிப்பானால் மதிப்பெண் தனிக்கணக்கு. இளநிலைச் சராசரி இம்மியும் நகராது. அந்த 3.2-ஐ வீட்டருகே உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்திலேயே வாங்கலாம், பெரும்பாலும் குறைந்த செலவில்.

நண்பர் பெருமையாகக் காட்டும் வெற்றிச் சதவீதம்? படிப்பை நடத்தும் கல்லூரியின் பரிந்துரைக் கடிதம் பெற்றவர்களை மட்டும் எண்ணினால் எந்தப் படிப்பும் ஜொலிக்கும். நடுவில் கழன்றவர்கள், கடிதம் மறுக்கப்பட்டவர்கள் எந்தக் கணக்கில்? சேர்ந்தவர் எத்தனை பேர், அவர்களில் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தவர் எத்தனை பேர்? இந்த இரண்டு எண்களையும் நண்பர் ஓரிடத்திலும் தரவில்லை.