கொறங்காட்டுக்கு எந்தக் காலேஜ்ல பட்டம் கொடுத்தாங்க?

2009-ல் தமிழ்நாடு மாநில வேளாண்மை மன்றச் சட்டம் என்று ஒன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது, ஞாபகம் இருக்குங்களா? வேளாண் பட்டம் வாங்கி, மன்றத்தில் பதிவு செய்தவர்தான் விவசாயிக்கு ஆலோசனை சொல்லலாம், மீறினால் தண்டனை. உழவர்கள் கொதித்தெழுந்த பிறகுதான் கிடப்பில் போட்டார்கள். சட்டம் போச்சு, அந்த எண்ணம் போகலைங்க.

காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கொறங்காட்டைப் பாருங்கள். மழை குறைவு, மண்ணும் மேலோட்டம்தான். அதில் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. கிளுவைக் குச்சியை ஊன்றினாலே தழைத்துக்கொள்ளும். கம்பி வேண்டாம், கல்லுக்கால் வேண்டாம். காட்டைப் பகுதி பகுதியாகத் தடுத்து மாற்றி மாற்றி மேய்ப்பார்கள். சித்திரையில் புல் காய்ந்தால் வெள்வேலங்காய் மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீனி. காங்கயம் மாடு உருவானது இந்தக் காட்டில்தான். மழை பெய்து பச்சை கட்டியதும் மாட்டை விடலாமா என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் கேட்டேன். “அவசரப்படாதீங்க தம்பி, புல்லு வெதை உதிரட்டும்” என்றார். சுழற்சி மேய்ச்சல் என்று இன்று பயிற்சி வகுப்பில் கட்டணம் வாங்கிச் சொல்லித் தருவது இதைத்தான். அவர் பள்ளிக்கூடமே போனதில்லை.

வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் கடன் மனு பார்த்தவன் நான். போர்வெல், டிராக்டர், கறவை மாடு எல்லாத்துக்கும் கட்டம் உண்டு. கொறங்காட்டுக்கு இல்லை. கட்டத்தில் இல்லாத நிலம் சும்மா கிடக்கிற நிலம் ஆகிவிடுகிறது. அப்புறம் சைட் போட்டு விற்கிறார்கள். ஜேசிபி ஒரு நாளில் வழித்துவிடும். அந்தப் புல்லும் மரமும் திரும்ப வர எத்தனை வருசம் ஆகும்?

அதற்காகப் படிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நொய்யல் கரை விவசாயிக்குச் சாயத்தண்ணி உப்பு என்று நாக்கே சொன்னது. ஒரத்துப்பாளையம் அணை தெரியாதவர் யார்? ஆனால் நீதிமன்றத்தில் நாக்கு சாட்சி சொல்ல முடியாது, உப்பின் அளவை லேப் ரிப்போர்ட்தான் சொல்ல வேண்டும். 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட வரைக்கும் இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்தது. நம்மாழ்வார் ஐயாவும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர்தானே. பட்டத்தோடு கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார், 1969-ல் வேலையை விட்டு உழவர்களிடம் கற்க வந்தார்.

நம் பனியன் கம்பெனிகளில் இந்தச் சண்டையே கிடையாது. டிசைன் படித்த பிள்ளை போட்டுத் தரும் அளவை, துணியைத் தொட்டுப் பார்த்து ‘இது சுருங்கும்’ என்று கட்டிங் மாஸ்டர் திருத்துவார். அந்தப் பிள்ளை கேட்டுக்கொள்ளும். ஆர்டர் திரும்பி வந்தால் நஷ்டம் அல்லவா!

வேளாண் கல்லூரி மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பயிற்சி எடுக்க வருகிறார்கள். நமக்குச் சொல்லித் தருவதுதான் பயிற்சி என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள், பாவம். அந்தப் பயிற்சிக்கான மதிப்பெண்ணில் பாதியை அந்த ஊர் உழவர் போடட்டும். ஒரு மாதமாவது கொறங்காட்டில் மாடு மேய்க்கட்டும். அடுத்த கூட்டத்தில் நம் இயக்கம் இதைத் தீர்மானமாகவே போட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். மனு எழுத ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கேன். அது ஒன்றுதான் வங்கியில் நன்றாகக் கற்றுக்கொண்டேன்.