அப்பாவுக்கு ஒரு மிதிவண்டி

ஓய்வுபெற்ற அப்பாவுக்குப் பழைய பாணியில் மிதிவண்டி கட்டித் தரும் ஆசை நம் பட்டதாரிகள் சிலருக்கு உண்டு. நல்ல ஆசைதான். ஆனால், தோட்டத்தில் அவர் பால்வாளி கட்டி ஓட்டிய கறுப்பு ‘ராலே’யை, அந்த உயரமான குறுக்குக் கம்பியோடு மீண்டும் உருவாக்குவது யாருக்காக? நம் நினைவுக்காக என்பேன். எழுபதை நெருங்கும் இடுப்புக்கு அந்தக் கம்பியைத் தாண்டுவதே பெரும் பாடு.

‘குரூசர்’ வகையே பொருத்தம். 1933இல் அமெரிக்காவின் ‘ஷ்வின்’ நிறுவனம் கொண்டுவந்த 2.125 அங்குல அகல டயர்தான் அதன் தொடக்கம். காற்றழுத்தம் குறைவாகவே போதும். குழியின் அதிர்ச்சி முதுகுக்கு அவ்வளவாக ஏறாது. மிதிகட்டை இருக்கைக்குச் சற்று முன்னால் அமைந்த, தாழ்வான சட்டமாகப் பாருங்கள். உட்கார்ந்தபடியே இரு பாதங்களையும் தரையில் ஊன்றலாம். மிதிக்கும்போது முழங்காலும் அதிகம் மடங்காது. பின்னோக்கி மிதித்து நிறுத்தும் பிரேக் பார்க்க அழகு. கைப்பிரேக்கிலேயே பழகியவருக்கு அது வேண்டாம்.

“இது பொம்பள சைக்கிள்டா” என்பார் அப்பா. அங்கேதான் சிக்கல். வாதாடாதீர்கள். நிறத்தையும் மணியையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். பின்னால் ஒரு கேரியரும் வைத்துவிடுங்கள். பசாருக்குப் போக ஒரு காரணம் கிடைக்கும்.