‘வயசு அப்படி’ என்று அனுப்பிவிடாதீர்கள்

மல்லாங்கிணறு பக்கம் விடியுமுன்பே பட்டாசு ஆலை வேன் வந்து நிற்கும். எங்கள் பெரியம்மா இருபது வருசத்துக்கு மேல் அதில் போய்வந்தவர். நாற்பத்தெட்டு வயதில் நடந்தால் மூச்சு வாங்கியது. முதுகும் தாடையும் வலித்தன, திடீரென வியர்த்துக் கொட்டியது. மருத்துவர் தொட்டுப் பார்க்கவில்லை. “பீரியட்ஸ் நிக்கிற வயசும்மா, அப்படித்தான் இருக்கும்” என்று கேஸ் மாத்திரை எழுதினார். நான்காம் நாள் மாரடைப்பு. பிழைத்துவிட்டார், ஆனால் வேலை போய்விட்டது.

அந்த மருத்துவர் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். முப்பத்தாறு வயதிலேயே பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அதிக ரத்தப்போக்கு, லீவு போட்டால் கூலி இல்லை; “எடுத்துட்டா தொல்லை விட்டுது” என்றார்கள்.

தொல்லை விடவில்லை. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. கெட்ட கொழுப்பும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன. நாற்பதுக்கு முன்பே நின்றால் இதயநோய் அபாயம் இன்னும் அதிகம். பெண்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சிரைப்பு, குமட்டல், தாடை வலி, அசதி என்றும் மாரடைப்பு வரலாம்.

யாருடைய கர்ப்பப்பை எளிதாக எடுக்கப்படுகிறது? பீகார், ராஜஸ்தான், சத்தீஸ்கரில் ஏழை, விளிம்புநிலைப் பெண்களுக்குத் தேவையின்றி நடந்த அறுவைச் சிகிச்சைகள் பற்றிய வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. எந்த உடம்பின் வலியை நம்புவது என்பதிலும் சாதி இருக்கிறது.

தமிழ்நாட்டில் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கின்றன. 2024-இல் தொழிலாளரைத் தேடி மருத்துவமும் தொடங்கியது. ஆனால் இது மாரடைப்பு என்று ஒருவர் சந்தேகப்பட்டால்தானே மாத்திரை கைக்கு வரும்?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. பரிசோதனை சிறிய பட்டாசு ஆலைகளுக்கும் வர வேண்டும். அன்றைய கூலி பிடிக்கக் கூடாது. “எப்போது மாதவிடாய் நின்றது? கர்ப்பப்பை எடுத்தார்களா?” என்று ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்டுப் பதிய வேண்டும்.

தோழர்களே, மாதவிடாய் விடுப்பு பற்றி நிறையப் பேசுகிறோம். மாதவிடாய் நின்றுபோன நம் அம்மாக்களிடம், படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்று இன்றைக்கே கேட்போம்.